இரண்டாவது இழுப்பு

பாசித்துறையில் முதல் கயிறு தபால்காரர் மொராயிஸ் வீட்டு அடுக்களையில் இறங்கியது. ஸ்டெல்லா டாக்கீஸில் ‘உப்புக் கழுத்து’ படம் போட்ட மறுநாள் காலை, அவர் மனைவி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஓட்டையோ விரிசலோ இல்லாத நல்ல கெட்டிக் கான்கிரீட் கூரையிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள பழைய நார்க்கயிறு ஒன்று கடல்தண்ணீர் சொட்டச் சொட்ட முழ நீளத்துக்கு வந்து தொங்க, அவள் நிமிர்ந்து பார்த்து, “மேல யாரு? டேங்க் கழுவுதீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் இட்லிப் பானையை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். உச்சிவேளைக்குள் சவேரியார் தெருவில், ஐஸ் கம்பெனிச் சந்தில், புதுக் காலனியில் என்று கயிறுகள் வரிசையாக இறங்கிவிட்டன. ஓட்டு வீடு, ஓலை வீடு, மாடி வீடு என்று அவை வித்தியாசம் பார்க்கவில்லை. மனைவி செல்போனைக் குளியலறைக்குக் கொண்டுபோனால் கதவுக்கு வெளியே நிற்கிற கணவன், பால்காரனிடம் அவள் சிரித்த சிரிப்பை நாள் முழுக்க எடைபோடுகிற கணவன், மல்லிகை வைத்தால் ஏன் என்றும் வைக்காவிட்டால் ஏன் என்றும் கேட்கிற கணவன், இப்படிப்பட்டவர்கள் குடியிருந்த வீடுகளைத் தேடித் தேடி இறங்கின. ஊர் அந்த வீடுகளை மனசுக்குள் ஒரு கோடு போட்டுச் சேர்த்துப் பார்த்தது. சேர்த்துப் பார்த்ததும் ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

படம் பாசித்துறையின் பழைய கொலையைப் பற்றியது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், இப்போதிருக்கிற கோயில் கட்டப்படுவதற்கும் முன்னால், தொம்மை என்று ஒரு குளியாள் இருந்தான், அவனுக்குக் கித்தேரி என்று மனைவி இருந்தாள், அவளுக்குச் சந்தியாகு என்று அண்ணன் இருந்தான். தொம்மை கடலில் முங்கினால் அவன் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்துக்கொண்டிருப்பவன் சந்தியாகு, ஏனென்றால் அந்தக் கயிற்றை மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் கட்டுப்பாடு. வேறு எவனும் முத்துக்கு ஆசைப்பட்டோ பகையை நினைத்தோ கயிற்றைக் கைவிடலாம், ஆனால் கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க எந்த அண்ணன் தம்பிக்கும் மனசு வராது என்று அந்தக் காலத்தில் யோசித்து வைத்தார்கள். அடியில் இருப்பவன் கயிற்றை ஒருமுறை இழுத்தால் ‘இருக்கேன்’ என்று அர்த்தம். இரண்டுமுறை இழுத்தால் ‘தூக்கு’. இந்த ஏற்பாட்டில் கணவனின் உயிரை மனைவியின் சகோதரன் கையில் கொடுத்தவர்கள், மனைவியின் உயிரை யார் கையிலும் கொடுக்க மறந்துபோனார்கள்.

ஒரு பருவத்தில் தொம்மை எடுத்த சிப்பியெல்லாம் வெறுஞ்சிப்பியாக வந்தது. குளியாளின் சிப்பி காலியாக வந்தால் அவன் வீட்டில் கோளாறு என்பது கரையின் நம்பிக்கை. தொம்மை ஒரு விடிகாலையில் தன் இடுப்புக் கயிற்றாலேயே கித்தேரியின் கழுத்தை நெரித்துவிட்டு, அதே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். ஒன்றும் அறியாத சந்தியாகு அன்று முழுக்க அவனை ஒவ்வொரு முங்கலுக்கும் பத்திரமாகத் தூக்கினான். அன்று சிப்பி வயிறு வெடிக்க நிறைந்து வந்தது. கரைக்கு வந்தவர்கள் ஒரு பக்கம் பிணத்தையும் இன்னொரு பக்கம் சிப்பிக் குவியலையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அவன் நினைத்தது சரிதான் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். மறுநாளும் சந்தியாகுதான் கயிறு பிடித்தான். அடுத்த பருவத்திலும் பிடித்தான். அவன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

படம் எடுத்தவர்கள் இதோடு சென்னையிலிருந்து கடற்கரை விடுதிக்கு வந்து தங்குகிற ஒரு இளம் தம்பதியைச் சேர்த்தார்கள், அந்தக் கணவனுக்கு மனைவியின் போனில் வந்த ஒரு செய்தியிலிருந்து சந்தேகம் முளைக்க, பழைய கதையும் புதுக் கதையும் மாறி மாறி ஓடியது. கடைசியில் உண்மை தெரிந்த சந்தியாகு கயிற்றைக் கைவிட, தொம்மை மூச்சு முட்டிச் சாவதாக முடித்திருந்தார்கள். இது தெரிந்ததும் ஊர் கொதித்தது. கொலையைக் காட்டியதற்காக அல்ல.

“கொலையக் காட்டட்டும், நடந்ததுதான,” என்றார் ஊர்க் கமிட்டித் தலைவர் பொன்சேக்கா. “மச்சான் கயித்த விட்டான்னு காட்டினா நாளைக்கு வெளியூர்க்காரன் நம்மள என்ன நெனைப்பான்? பாசித்துறையில எவனும் கயித்த விட்டதில்ல.”

டாக்கீஸ்காரர் சமாதானத்துக்கு வந்தார். அந்த இடம் வரும்போது ஆப்பரேட்டர் புரொஜெக்டருக்கு முன்னால் ஒரு அட்டையை வைத்து மறைத்துவிட வேண்டும், சத்தத்தையும் நிறுத்திவிட வேண்டும். அப்படியே செய்தார்கள். ஊர் முழுக்க இருட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது, குழந்தைகள் அழுதன, யாரோ முறுக்குக் கடித்தார்கள், ஒவ்வொருவரும் அந்த இருட்டில் தொம்மையைத் தாங்களே பத்திரமாகத் தூக்கி எடுத்துப் படகில் போட்டுக்கொண்டார்கள். அட்டையை எடுத்தபோது திரையில் சென்னைக் கணவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். விசில் பறந்தது. விடிந்ததும் கயிறு.

ஜெசிந்தா அந்தக் கூட்டத்தில் பால்கனியில் கைக்குழந்தையோடும் கணவன் ரோமால்டோடும் உட்கார்ந்திருந்தாள், அவளுடைய கழுத்து மட்டும் திரையில் இருந்தது. படப்பிடிப்பு நடந்த சமயம் கதாநாயகிக்கு நார்க்கயிறு பட்டுத் தோல் தடித்துவிட, நெரிக்கிற காட்சியை நெருக்கத்தில் எடுக்க வேறொரு கழுத்துத் தேடினார்கள். அப்போது, “எம் பொண்டாட்டி கழுத்தப் பாருங்க சார், கான்வென்ட்ல எல்லாரும் இவள கொக்குன்னுதான் கூப்பிடுவாங்களாம்” என்று பெருமையாக முன்வந்தவன் ரோமால்டுதான். படகும் சங்கு குளிக்கிற உரிமையும் வைத்திருக்கிற ஆள், பெரிய மனசுக்காரன் என்று இயக்குநர் அவனைக் கட்டிக்கொண்டார். கதாநாயகன் கயிற்றைச் சுற்றிப் பிடிக்க, ஜெசிந்தா மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள், ரோமால்டு குடைக்குக் கீழே டீ குடித்தான், முடிந்ததும் கதாநாயகனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான். அதை வெகுநாள் போனின் முகப்பில் வைத்திருந்தான்.

ஆனால் திரையில் அந்தக் கழுத்து ஒரு படகின் அளவுக்கு இருந்தது. இடது காதுக்குக் கீழே இருக்கிற மச்சம் ஒரு கரிச்சட்டியின் அளவுக்கு இருந்தது. அதன்மேல் அந்நிய ஆணின் கைகள் இருந்தன. கீழே பெஞ்சிலிருந்து ஒருத்தன், “ஏலே, இது ரோமால்டு வீட்டுக் கழுத்துல்லா!” என்று கத்த, டாக்கீஸே சிரித்தது. ஜெசிந்தாவும் பாதி சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, மீதியை விழுங்கினாள். ரோமால்டு திரையைப் பார்க்கவில்லை. மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தான், பிறகு படப்பிடிப்பு நடந்த மாதத்திலிருந்து கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டான்.

“அவன் கை எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“யாரு கை?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

“நீங்கதான பக்கத்துல நின்னீங்க. டீ குடிச்சிட்டு.”

“நான் குடிக்கும்போது நீ கண்ண மூடியிருந்த. எதுக்கு மூடுன?”

“செத்தவ கண்ணத் தெறந்துட்டா கெடப்பா?”

அந்தப் பதிலை அவள் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லும்போதே தெரிந்தது. மறுநாள் அவர்கள் படுக்கையறையில் கயிறு இறங்கியது. கட்டிலில் அவள் தலை வைக்கிற பக்கத்துக்கு நேர் மேலே.

கயிற்றை ஊர் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து கசிவு இருக்கிறதா என்று கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கயிறு தங்கள் துறையில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். பங்குச் சாமியார் ஒரு வீட்டில் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தமும் கயிற்றின் தண்ணீரும் கலந்து தரையில் ஓட, யாரோ மாப் எடுத்துவந்து துடைத்தார்கள். மொராயிஸ் அரிவாளால் அறுத்துப் பார்த்தார், மறுநாள் அது இன்னும் ஒரு முழம் கூடுதலாக வந்தது. அதன்பிறகு ஊர் கீழே வாளி வைத்தது. வாளித் தண்ணீர் மீன் கழுவ நன்றாக இருந்தது. சொட்டாத நேரத்தில் கயிற்றில் துண்டு காயப்போட்டார்கள், பள்ளிக்கூடப் பை மாட்டினார்கள், மழைநாளில் கொடிக்கயிறு தேடவேண்டியிருக்கவில்லை. ஹார்டுவேர் கடையில் அதற்கென்றே வளைந்த கொக்கி விற்றார்கள். பெண்கள் மதில்மேல் எட்டி விசாரித்துக்கொண்டார்கள்.

“ஒங்களது எதுவரைக்கும் வந்திருக்கு?”

“ஃபேன் வரைக்கும். ஒங்களது?”

“கட்டில தொட்டாச்சு. அவரு துபாய்ல இருக்காரு, அங்கன இருந்தே எறக்குதாரு.”

“வீடியோ கால்ல காட்டுனியா?”

“காட்டுனேன். ஏன் சுத்தமா இருக்கு, யாரு தொடச்சான்னு கேக்காரு.”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இருந்தவரைக்கும் நிலைமை மோசமில்லை. ஆனால் கயிறு யாருடைய நெஞ்சிலிருந்து இறங்குகிறது என்று எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்திருந்தும், வாரம் திரும்புவதற்குள் அந்த அறிவை ஊர் சட்டையைத் திருப்பிப் போடுவதுபோல உள்பக்கம் வெளியாகத் திருப்பிக்கொண்டது. சந்தேகப்படுகிற மாதிரி நடந்தால்தானே சந்தேகம் வரும் என்று முதலில் வலைபின்னுகிற கொட்டகையில் சொன்னார்கள், பிறகு டீக்கடையில் சொன்னார்கள், பிறகு கிணற்றடியில் பெண்களே சொன்னார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் அண்ணாந்து பெண்ணுடைய அம்மாவின் கூரையைப் பார்த்தார்கள். கயிறு இல்லாத வீட்டுக்காரர்கள் ஜன்னலை அகலத் திறந்து வைத்தார்கள். கயிறு இருந்த வீட்டுப் பெண்கள் திரைச்சீலை வாங்கினார்கள், அட்டைக் கூரை அடித்தார்கள். அட்டைக் கூரையைத் துளைக்காமலே கயிறு அதற்கும் கீழே வந்து நின்றது. மதில்மேல் எட்டிப் பார்ப்பது நின்றுபோனது.

ரோமால்டின் அம்மா செபஸ்தி மாமியின் அறையிலும் ஒரு கயிறு தொங்கியது. மாமனார் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது, அவருடைய சந்தேகம் மட்டும் சாகாமல் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. மாமி அதில் செபமாலையை மாட்டி வைத்தாள். மருமகளின் அறைக்கு வந்து அங்கே தொங்கிய கயிற்றைத் தன் இரண்டு கைகளாலும் பற்றித் தொங்கிப் பார்த்தாள், பிறகு தன் பழைய நூல்புடவையைக் கொண்டுவந்து, படகுக்காரிகள் போடுகிற அவிழாத முடிச்சாகப் போட்டுக் குழந்தைக்குத் தொட்டில் கட்டினாள்.

“இதுலயா மாமி? தண்ணி சொட்டும்.”

“பிள்ள இருந்தா சொட்டாது.” மாமி முடிச்சை இன்னொருமுறை இறுக்கினாள். “பாரம் தாங்குமான்னு பாத்தேன். ரெண்டு ஆளு தாங்கும்.”

சொன்னபடியே சொட்டவில்லை. பகலில் ரோமால்டு கடலில் இருக்கும்போது ஜெசிந்தா தொட்டிலை ஆட்டிக்கொண்டு அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அதைத் தொட்டாள். தொட்டதுமே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது, கூரையில் மாட்டிய கயிறு இப்படி இருக்காது. இது ஒரு ஆள் பிடித்திருக்கிற கயிறு, தளரவும் விடாமல் வெட்டி இழுக்கவும் செய்யாமல், கீழே இருப்பவரின் மூச்சுக்குத் தக்கபடி பிடித்திருக்கிற கயிறு. சின்ன வயதில் அவளும் அண்ணன் வெலிங்டனும் அம்மாவின் புடவையைப் பரணிலிருந்து தொங்கவிட்டுக் குளியாள் விளையாட்டு விளையாடுவார்கள். அவள் கீழே பாயில் கண்ணை மூடி மூச்சடக்கிக் கிடப்பாள், அண்ணன் மேலே இருந்து கொஞ்சம்கூடக் கவனம் சிதறாமல் பிடித்திருப்பான். அந்த ஞாபகத்தில் ஒருமுறை இழுத்தாள். இருக்கேன்.

கொஞ்சம் பொறுத்து, மேலிருந்து ஒருமுறை பதில் வந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ரோமால்டு அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஊருக்குக் காட்ட ஏதாவது இருந்திருக்கும். அவன் கதவுகளைச் சாத்தினான், ஜன்னல்களைச் சாத்தினான், அவள் பேசுகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினான். சாப்பிடும்போது அவள் கழுத்தைப் பார்த்தான். குழந்தையின் காதை, மூக்கை, நெற்றியை அந்தக் கதாநாயகனின் செல்ஃபியோடு வைத்துப் பார்த்தான். கயிறு தொட்டிலைத் தாண்டி நீண்டு, நுனியில் தானாகவே ஒரு சுருக்கு விழுந்தது. ஒருநாள் அவன் அந்தச் சுருக்கை இரண்டு விரலால் விரித்துப் பார்த்துவிட்டு, “அளவா இருக்கு” என்றான், சாதாரணமாக, சட்டை எடுக்கிற கடையில் சொல்வதுபோல.

அன்றுதான் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். வெலிங்டன் படகோரத்தில் காற்றுக்குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் சங்கு குளிக்கிறவர்கள் வாயில் காற்றுக்குழாயோடு முங்குகிறார்கள், ஆனாலும் இடுப்பில் கயிறு உண்டு, அதை மச்சான்தான் பிடிக்கிறான். ரோமால்டின் கயிற்றைப் பிடிப்பது வெலிங்டன்.

“அண்ணே, அவரு என்னைக் கொன்னுருவாருன்னு பயமா இருக்கு.”

வெலிங்டன் சுருட்டுவதை நிறுத்தவில்லை. “படத்தப் பாத்துட்டு எல்லாருக்கும் இப்ப கிறுக்குப் பிடிச்சிருக்கு. ரெண்டு மாசத்துல சரியாயிரும் ஜெசி.”

“சுருக்கு விழுந்திருக்குண்ணே.”

“எல்லார் வீட்டுலயும் கயிறு இருக்கு. ஒனக்கு மட்டுமா?”

“ஒன் வீட்டுல இருக்கா?”

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் குழாயைப் பார்த்தான். “நான் என்ன செய்யணும்னு சொல்லுத? நாளைக்கு அவரு அடியில இருக்கும்போது கயித்த விட்டுறவா? காத்தை மூடிறவா? அந்த மனுசன் டெய்லி தன் உசிர என் கையில குடுத்துட்டு முங்குதாரு. நான் ஒருக்கா விட்டா இந்தக் கரையில இனி எவன் மச்சான நம்பி எறங்குவான்?”

“நான் அவர விடச் சொல்லலண்ணே,” என்றாள் ஜெசிந்தா. “என்னையப் பிடின்னுதான் சொன்னேன்.”

வெலிங்டனுக்கு அது விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. அவன் கை நின்றது. குழந்தை அவன் விரலை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அப்போது படகிலிருந்து ரோமால்டு, “மச்சான், ஏறுவமா?” என்று கூப்பிட்டான், அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை, நல்ல சிநேகிதமான குரல். வெலிங்டன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அந்த வாரத்திலிருந்து ரோமால்டுக்குச் சங்கு வரவில்லை. மற்ற படகுகளுக்கு வந்தது. அவன் முங்கினால் செத்த சங்கு, ஓட்டைச் சங்கு, நண்டு குடியேறிய சங்கு. அவன் கூடையைக் கவிழ்க்கும்போது, கவிழ்த்து ஒன்றும் விழாதபோது, எல்லோரும் மெதுவாக அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு மரியாதைக்காகப் பார்வையை எடுத்துக்கொண்டார்கள். பொன்சேக்கா மட்டும் அவன் தோளில் கைபோட்டு, “வீட்டக் கொஞ்சம் பாத்துக்கடே” என்றார். பெரியவர் அக்கறையாகத்தான் சொன்னார். அவருக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை.

ரோமால்டு நண்பகலில் வீட்டுக்கு வந்தான். ஈரத் துணியை மாற்றவில்லை. செபஸ்தி மாமி முன்னறையில் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள், எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் வரவில்லை, அல்லது வந்தும் அவள் எழவில்லை. அவன் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

ஜெசிந்தா தொட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“எந்திரி,” என்றான்.

“பிள்ள முழிச்சிரும்.”

“அது யாரு பிள்ளன்னு சொல்லிட்டு எந்திரி.”

அவள் எழுந்தாள். பயத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்றுதான் அந்த நேரத்தில் பயமாக இருந்தது. “நீங்கதான என்னைய அங்க கூட்டிட்டுப் போனீங்க,” என்றாள். “கொக்குக் கழுத்துன்னு சொல்லிச் சொல்லி எல்லார்ட்டயும் காட்டுனீங்க. நான் மூச்ச அடக்கிட்டுக் கெடந்தேன். அவ்வளவுதாங்க நான் செஞ்சது.”

அவன் சுருக்கைப் பிடித்து அவள் பக்கம் இழுத்தான். கயிறு வரவில்லை. இத்தனை வாரமாக அவன் நினைத்த மாத்திரத்தில் இறங்கி வந்த கயிறு, இப்போது ஒரு விரற்கடை தளரவில்லை. அவன் இன்னும் பலமாக இழுத்தான், இரண்டு கையாலும் தொங்கினான், பாறையில் சிக்கிய நங்கூரத்தை இழுப்பதுபோலக் காலை உதைத்து இழுத்தான், அவன் நரம்புகள் புடைத்தன. மேலே பிடித்திருந்தவன் விடவில்லை. பிறகு அவன் கயிற்றை விட்டுவிட்டு, வெறுங்கையோடு அவள் பக்கம் திரும்பினான்.

ஜெசிந்தா ஒரு கையால் தொட்டிலையும் இன்னொரு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டாள். ஒருமுறை இழுத்தாள். இருக்கேன். அது அவளுக்குப் பழக்கமான இழுப்பு, கல்யாணமான நாளிலிருந்து அவள் எல்லோரிடமும் சொன்னது அதைத்தான், அம்மா போனில் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சிநேகிதிகள் கேட்டால், இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன். பிறகு அவள் இரண்டாவது முறை இழுத்தாள்.

தூக்கினார்கள். வேகமாக இல்லை, ஆனால் நிறுத்தாமல், கைமாற்றிக் கைமாற்றி இழுக்கிற அந்த ஒழுங்கான குலுக்கலோடு, அவளும் தொட்டிலும் தொட்டிலுக்குள் தூங்குகிற பிள்ளையும், ஃபேனைத் தாண்டி, ட்யூப்லைட்டைத் தாண்டி, கான்கிரீட்டை ஒரு அலையைப்போல நனைந்துகொண்டு கடந்து மேலே போனார்கள். ரோமால்டின் விரல்களில் அவள் கொலுசு ஒன்று மாட்டிக்கொண்டு கழன்றது. முன்னறையில் செபஸ்தி மாமி கருவாட்டுத் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கூரையைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மேலே வெயில் அடித்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவில், மொட்டைமாடிக்கும் கொஞ்சம் உயரத்தில், முத்துக்குளிப்புக் காலத்துப் பழைய படகு ஒன்று காற்றில் நின்றது, அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான், உடம்பெல்லாம் உப்புப் பூத்து, கண்ணிமைகூட வெளுத்து. உள்ளங்கைகளில் தோலே இல்லை. ஊரின் எல்லாக் கயிறுகளும் அவனிடம்தான் வந்து சேர்ந்தன. விரல்களில் சுற்றியவை போக, கால் பெருவிரல்களில், கழுத்தில், பல்லில் கடித்தபடி என்று அத்தனையையும் பிடித்திருந்தான். அவளைப் படகுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, வாயிலிருந்த கயிறுகளைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பேசினான்.

“கொஞ்சம் பிந்திட்டேன் தாயி,” என்றான் சந்தியாகு.

அவளுக்கு மூச்சு வாங்கியது. குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். நனையவில்லை, முழிக்கவும் இல்லை. “இத்தனை பேரையும் நீங்களே தூக்கிரலாமே,” என்றாள். “எதுக்கு உக்காந்திருக்கீங்க?”

“அடியில இருக்கவ சொன்னாத்தான் தூக்கலாம். அதான கட்டுப்பாடு.” அவன் கயிறுகளைப் பார்த்தான். “அன்னைக்கு நான் பிடிச்ச கயித்துல அவன் இருந்தான். அவ கழுத்துல கெடந்ததும் இதே கயிறுதான், அதோட மறுமுனை என் கையில இல்ல. இப்ப எல்லா முனையும் வாங்கி வச்சிருக்கேன். ஒன்னத் தவிர ஒருத்தியும் ரெண்டாவது தடவ இழுக்கல.”

கீழே நடந்ததையெல்லாம் அவள் அங்கிருந்தே கேட்டாள். ஜெசிந்தா சினிமாக்காரனோடு ஓடிப்போய்விட்டாள் என்று அன்று சாயந்தரமே ஊர் முடிவுக்கு வந்தது; கூரை வழியாகப் போனாள் என்று செபஸ்தி மாமி சொன்னதை, பாவம், மாமிக்கு வயசாகிவிட்டது என்று ஒதுக்கினார்கள், தினமும் கூரை வழியாக இறங்குகிற கயிற்றில் துண்டை உலர்த்திக்கொண்டே ஒதுக்கினார்கள். மறுநாள் ரோமால்டு முங்கினான். கூடை நிறையச் சங்கு வந்தது, அதற்குள் ஒரு வலம்புரியும் இருந்தது, பல வருடங்களாக அந்தக் கரை பார்க்காத வலம்புரி. பொன்சேக்கா அதைக் கையில் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

படகில் வெலிங்டன் இருந்தான். மேலே இருந்து பார்த்தால் அவன் உச்சந்தலை நன்றாகத் தெரிந்தது, அம்மா எண்ணெய் வைக்கிற இடத்தில் முடி கொட்டியிருந்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, கவனம் கொஞ்சம்கூடச் சிதறாமல், மச்சானைப் பதமாகத் தூக்கினான். அவன் நல்ல பிடிகாரன். சின்ன வயதிலேயே அப்படித்தான். ஒருதரம் மட்டும், ரோமால்டு படகேறித் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, வெறுமனே தண்ணீருக்குள் கிடந்த கயிறு அவன் கையில் இரண்டுமுறை இழுபட்டது போலிருக்க, அவன் அவசர அவசரமாக இழுத்துப் பார்த்தான். நுனியில் ஒன்றுமில்லை. “என்ன மச்சான்?” என்றான் ரோமால்டு. “பாசி,” என்றான் வெலிங்டன்.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழந்தைக்குப் பசியாற்றி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்தியாகுவின் கால்விரல்களில் இருந்த கயிறுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கையில் வாங்கிக்கொண்டாள். தபால்காரர் மனைவியின் கயிறு, துபாய்க்காரர் மனைவியினது, ஐஸ் கம்பெனிச் சந்திலிருந்து வருவது, வெலிங்டன் வீட்டு அடுக்களையில் அண்ணி தலைக்கு மேலிருந்து வருவது. எல்லாவற்றிலும் ஈரம், எல்லாவற்றிலும் கனம். துணி காயப்போடுகிறவர்கள் அசைக்கும்போதெல்லாம் அவள் எழுந்து நின்றாள், நின்று உட்கார்ந்தாள், போகப்போக அசைவின் வித்தியாசம் கைக்குப் பிடிபட்டது. உண்மையான இழுப்பும் வரத்தான் செய்தது, பகலில், ஆண்கள் கடலில் இருக்கிற நேரத்தில், ஒவ்வொரு வீட்டிலிருந்தும், கதவைச் சாத்திக்கொண்டு இழுக்கிற இழுப்பு.

ஒருமுறை. இருக்கேன்.

அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை பதில் இழுத்துவிட்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தாள். கயிறு ஆடி ஓய்ந்தது. பிறகு அதன்மேல் யாரோ ஈரத் துண்டைப் போட்டார்கள்.